தாத்தாவின் செருப்பு

மார்கழிப் பனி இறங்கும் இரவு. ஆம்பூரில் ஒரு தெரு. மணி பத்தரை ஆகிவிட்டது. ஆனால் எந்த வீட்டிலும் குழந்தைகள் தூங்கின பாடில்லை. எப்படித் தூங்குவார்கள்? கீத பவனி வருகிற இரவாயிற்றே!

தெருமுனையில் டிரம் சத்தம் கேட்டதுதான் தாமதம், அத்தனை வாண்டுகளும் வாசலுக்குப் பாய்ந்து வந்துவிட்டன. பாட்டுக் கோஷ்டிக்கு முன்னால் சாட்சாத் கிறிஸ்துமஸ் தாத்தாவே ஆடிக்கொண்டு வந்தார். சிவப்புக் கோட்டு, பஞ்சுத் தாடி, வயிற்றிலே ஒரு தலையணை, முகத்திலே ஓயாமல் சிரிக்கிற முகமூடி! கை நிறைய மிட்டாயை வாரி இறைத்தார். கிறிஸ்தவக் குழந்தை, இந்துக் குழந்தை, முஸ்லிம் குழந்தை என்ற பேதமெல்லாம் மிட்டாய்க்கு ஏது? எல்லாக் குழந்தைகளும் குனிந்து பொறுக்கின.

ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி மட்டும் பொறுக்கவில்லை. தாத்தாவின் காலையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அம்மாவின் புடவைத் தலைப்பை இழுத்துக் காதோடு கேட்டாள்:

"ஏம்மா, தாத்தா எதுக்குப் பெரியப்பா செருப்பைப் போட்டுக்கினு வந்திருக்காரு?"

ஆம்பூர்க் குழந்தை அல்லவா! முகத்துக்கு முகமூடி போடலாம். காலுக்கு என்ன போடுவது? அவளுடைய அம்மா ஷூ கம்பெனியில் தையல் வேலை செய்கிறவள். அந்தச் செருப்பின் இடது வார் அறுந்தபோது, போன மாதம் அதைத் தைத்துக் கொடுத்தவளே அவள்தான். பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த பெண்ணுக்கு அந்தத் தையல் மறந்து போகுமா?

அந்தத் தாய் எனக்கு வேண்டியவள். அவள் என்ன பதில் சொன்னாள் என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதற்குமுன், சகோதரிகளே, உங்களை ஒன்று கேட்கிறேன். உங்கள் குழந்தை இப்படிக் கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்?

நம் வீட்டிலும் உண்டு

"எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸே கிடையாது. எங்களுக்கு என்ன கவலை?" என்று தப்பித்துக்கொள்ளப் பார்க்காதீர்கள். கோகுலாஷ்டமி அன்று மாலையில் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? கையை மடக்கி அரிசி மாவில் தோய்த்து, வாசற்படியிலிருந்து பூஜை அறை வரையில் சின்னச் சின்னப் பாதங்களாகப் பதித்துக்கொண்டே போகிறீர்கள். விரல் நுனியால் ஐந்து புள்ளி வைக்கவும் மறப்பதில்லை. குழந்தை வந்து பார்த்துவிட்டு, "கிருஷ்ணன் வந்துட்டுப் போயிட்டானா?" என்று கண்ணை அகல விரிக்கிறது. நீங்களும் மாவுக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "ஆமாம், இப்போதுதான் போனான்!" என்கிறீர்கள்.

நிலாவில் பாட்டி உட்கார்ந்து வடை சுடுகிறாள் என்று சொல்லிச் சோறு ஊட்டியது யார்? விழுந்த பாற்பல்லைக் கூரைமேல் எறியச் சொன்னது யார்? சோறு உண்ணாவிட்டால் பூச்சாண்டி வருவான் என்றது யார்? எல்லாம் நாம்தான்! ஆகவே கிறிஸ்துமஸ் தாத்தாவின் சங்கதி நம் எல்லாருக்கும் பொதுவான சங்கதி.

ஊரும் தாத்தாவும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று இந்த வட்டாரம் முழுவதும் தோலுக்குப் பேர் போனது. 2019-இல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயிற்று. மாவட்டம் பிரிந்ததே தவிர, தொழில் பிரியவில்லை. விடிந்தால் கம்பெனிப் பஸ்களில் ஏறிப் போகும் பெண்களை இன்றும் பார்க்கலாம்.

கிறிஸ்துமஸும் இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயிலும் மசூதியும் இருக்கின்றனவே, அங்கேதான் 1846-இல் கட்டிய செயின்ட் ஜான்ஸ் தேவாலயமும் இருக்கிறது. 1900-இல் டாக்டர் ஐடா ஸ்கடர் வேலூரில் ஒரே ஒரு படுக்கையுடன் தொடங்கிய வைத்தியசாலைதான் இன்று உலகம் அறிந்த சி.எம்.சி. ஆஸ்பத்திரி. ஆம்பூரிலும் லூத்தரன் மிஷன் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் வைத்தது.

சரி, தாத்தாவுக்கும் காலணிக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது, கேளுங்கள். இன்று துருக்கி என்று சொல்லும் நாட்டில், மைரா என்ற ஊரில், நான்காம் நூற்றாண்டில் நிக்கோலஸ் என்று ஒரு பாதிரியார் இருந்தார். அவரைப் பற்றி ஒரு கர்ண பரம்பரைக் கதை உண்டு. மூன்று பெண்களைப் பெற்ற ஒரு தகப்பன், சீதனம் கொடுக்க வழியில்லாமல் தவித்தான். (இந்தத் தவிப்பு நமக்குப் புரியாததா?) நிக்கோலஸ் இரவில் யாருக்கும் தெரியாமல் வந்து, ஒவ்வொரு பெண்ணுக்காகவும் ஒரு பொன் முடிப்பை ஜன்னல் வழியே போட்டுவிட்டுப் போனாராம். உலர வைத்திருந்த காலுறையில் விழுந்தது என்பார்கள் சிலர்; காலணியில் விழுந்தது என்பார்கள் சிலர்.

அதனால்தான் ஜெர்மனியில் டிசம்பர் 5-ஆம் தேதி இரவு குழந்தைகள் தங்கள் காலணியைத் துடைத்துப் பளபளப்பாக்கி வாசலில் வைக்கின்றன. காலையில் பார்த்தால் அதில் தின்பண்டம் நிறைந்திருக்கும். ஆம்பூர்ப் பக்கத்துக் காலணிகள் ஜெர்மனிக்கும் கப்பல் ஏறிப் போகின்றன. அந்த வாசல்களில் காத்திருக்கும் காலணிகளில் ஒரு ஜோடி நம் ஊர்ப் பெண் தைத்ததாக இருக்கக் கூடாதா, என்ன?

ஒன்றைக் கவனித்தீர்களா? நிக்கோலஸ் அந்தப் பெண்கள் நல்லவர்களா, சொன்ன பேச்சுக் கேட்பவர்களா என்று விசாரித்துக் கொடுக்கவில்லை. தேவையைப் பார்த்துக் கொடுத்தார். வாங்குகிறவன் கூனிக் குறுகாமல் இருக்கவேண்டும் என்று இருட்டில் வந்து கொடுத்தார். "நல்ல பிள்ளைக்குத்தான் தாத்தா பரிசு தருவார்" என்ற நிபந்தனை பின்னால் சேர்ந்தது. அந்த நிபந்தனையில்தான் ஒரு முள் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஏழு வயதில் என்ன நடக்கிறது?

அமெரிக்காவில் ஆண்டர்சன், பிரெண்டிஸ் என்ற இரு மனோதத்துவ ஆராய்ச்சியாளர்கள், தாத்தாவை நம்புவதை விட்டுவிட்ட 52 குழந்தைகளைப் பேட்டி கண்டு 1994-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பெரும்பாலும் குழந்தைகள் தாமாகவே, ஏழு வயதுவாக்கில், உண்மையைக் கண்டுபிடித்துவிடுகின்றனவாம். கண்டுபிடித்தபோது அவை அழுது புரண்டனவா? அதுதான் இல்லை. அநேகமாகச் சந்தோஷமே பட்டனவாம். பின்னே யார் வருத்தப்பட்டது? பெற்றோர்கள்!

எனக்கு இதில் ஆச்சரியமில்லை. பூட்டைத் திறந்த குழந்தைக்குத் திறந்துவிட்டோம் என்ற பெருமை. நமக்கோ, குழந்தை ஒரு படி ஏறிவிட்டதே, இனி இடுப்பில் இருக்காதே என்ற ஏக்கம். ஏழு வயதில் கணக்குப் போடத் தெரிகிறது. ஒரே ராத்திரியில் ஒரே தாத்தா எத்தனை வீட்டுக்குப் போக முடியும் என்று யோசிக்கத் தெரிகிறது. மாவுப் பாதம் ஏன் அம்மாவின் கை அளவாகவே இருக்கிறது என்று ஒப்பிடத் தெரிகிறது. அறிவு முளைக்கிற சத்தம் அது. அதைக் கேட்டு முகம் வாடலாமா?

1897-இல் நியூயார்க்கில் வர்ஜீனியா என்ற எட்டு வயதுச் சிறுமி, தாத்தா உண்மையா என்று கேட்டு 'சன்' பத்திரிகைக்குக் கடிதம் எழுதினாள். உண்மைதான் என்று பத்திரிகை ஒரு தலையங்கமே எழுதிவிட்டது. அன்பும் தாராள மனமும் உலகத்தில் இருப்பது எப்படி உண்மையோ, அப்படித் தாத்தாவும் உண்மை என்பது அதன் சாரம். அந்த வர்ஜீனியா பிற்காலத்தில் பள்ளி ஆசிரியையானாள். எட்டு வயதுப் பெண்ணின் சந்தேகத்தைச் சிரித்துத் தள்ளாமல் பெரியவர்கள் மதித்தார்களே, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

"நான் கெட்ட பிள்ளையா?"

இப்போது அந்த முள்ளைப் பற்றிச் சொல்கிறேன்.

ஆம்பூர்ச் சிறுமிக்கு ஆறு வயதாக இருந்தபோது நடந்தது இது. அவர்கள் தெருவில் பெற்றோர் பரிசுப் பொட்டலத்தைக் கீத பவனிக் கோஷ்டியிடம் முன்கூட்டியே கொடுத்து வைப்பார்கள். தாத்தா பையிலிருந்து எடுத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார். அந்த வருஷம் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பெரிய பொம்மைக் கார் வந்தது. பொத்தானை அழுத்தினால் ஓடுகிற கார். அவள் தகப்பனாருக்குக் கம்பெனியில் நல்ல உத்தியோகம். இவளுக்கு வந்தது ஒரு வண்ணப் பென்சில் பெட்டி.

அன்று இரவு படுக்கையில் அவள் கேட்டாளாம்: "அம்மா, நான் கெட்ட பிள்ளையா?"

அந்தத் தாய்க்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. "இல்லேடி கண்ணு" என்றாள். "அப்புறம் ஏன் தாத்தா எனக்குச் சின்னதாக் குடுத்தாரு?" என்று மறுகேள்வி வந்தது. அதற்கு என்ன சொல்வது? தாத்தாவின் பை ஒன்றுதான். அதை நிரப்பும் சம்பளம் இரண்டு விதம் என்று ஆறு வயதுக் குழந்தையிடம் எப்படிச் சொல்வது? ஒரு வருஷம் முழுவதும் அந்தக் குழந்தை, தான் எங்கோ தவறு செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தது. தாய் அதை மனசில் போட்டுப் புழுங்கினாள்.

கோகுலாஷ்டமிப் பாதத்தில் இந்த முள் இல்லை, பாருங்கள். கண்ணன் பரிசும் தருவதில்லை. நல்ல பிள்ளையா என்று கேட்பதுமில்லை. அவனே வெண்ணெய் திருடியவன், எந்த முகத்தோடு கேட்பான்?

ஆகவே, தாத்தாவை வீட்டுக்கு அழைக்கும் சகோதரிகளே, தாராளமாக அழையுங்கள். ஆனால் அவர் கையில் பிரம்பைக் கொடுக்காதீர்கள். "குறும்பு செய்தால் தாத்தா தரமாட்டார்" என்று மிரட்டாதீர்கள். பெரிய பரிசை அப்பா அம்மா கொடுத்ததாகவே கொடுத்துவிட்டு, சின்னதைத் தாத்தா பேரில் கொடுங்கள். அப்போது எந்த ஏழைக் குழந்தையும் தன்னைக் கெட்ட பிள்ளை என்று எண்ணாது. குழந்தை சந்தேகப்பட்டுக் கேட்கிற நாளில் மேலும் ஒரு பொய்யை முட்டுக் கொடுக்காதீர்கள். "உனக்கு என்ன தோன்றுகிறது?" என்று திருப்பிக் கேளுங்கள். அதன் பதிலிலேயே தெரிந்துவிடும், அதற்கு இன்னும் கதை வேண்டுமா, உண்மை வேண்டுமா என்று.

ஆம்பூர்த் தாயும் அதையே செய்தாள். செருப்பைப் பற்றிக் கேட்ட மகளை உள்ளே அழைத்துப் போய், "நீ என்னா நெனைக்கிறே?" என்று கேட்டாள்.

"பெரியப்பாதான் தாத்தா. பொட்டலம் நீ குடுத்தது."

"ஆமாம்" என்றாள் தாய். பென்சில் பெட்டி வாங்கப் போன வருஷம் கம்பெனியில் கூடுதல் நேரம் இருந்து வேலை செய்ததையும் சொன்னாள்.

சிறுமி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ பக்கத்து வீட்டுக் காரும் அவங்க அப்பா வாங்கினதா?" என்றாள். ஆமாம் என்றதும் பெரிய பெருமூச்சு விட்டாள். "நான் கெட்ட பிள்ளை இல்லே!"

உண்மை அவளிடமிருந்து ஒன்றையும் பறிக்கவில்லை. ஒரு வருஷத்துப் பாரத்தை இறக்கி வைத்தது.

அவளுக்கு நாலு வயதுத் தம்பி ஒருவன் இருக்கிறான். அடுத்த டிசம்பரில் கீத பவனிக்கு முதல் நாள், அவள் தன் உண்டியல் காசில் வாங்கிய ஒரு பம்பரத்தைக் காகிதத்தில் சுற்றி, பெரியப்பாவிடம் ரகசியமாகக் கொடுத்தாள். கொடுத்துவிட்டுக் காதோடு ஒன்று சொன்னாள்:

"பெரியப்பா, இந்த வருஷம் வேற செருப்பு போட்டுக்குங்க. தம்பி கண்டுபிடிச்சிடுவான்!"