அமுக்கிய காற்று – 9: ஒரு ஸ்பூன் எண்ணெய்

ஸ்குரூ கம்ப்ரசருக்குள் எண்ணெய் எதற்கு என்பது போன வாரமே முடிந்த விஷயம்: ரோட்டர் இடைவெளியை அடைக்க, சூட்டை வாங்கிக்கொள்ள. மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளுங்கள். எண்ணெய் உள்ள மெஷினா, ஆயில்-ஃப்ரீயா என்ற விலைக் கணக்கை இந்த வாரம் தருவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குமுன் வேறொரு கணக்கைச் சொல்லியே ஆக வேண்டும்.

நிமிடத்துக்கு 100 கன அடி காற்று தரும் சாதாரண ஸ்குரூ கம்ப்ரசர். உள்ளே எண்ணெயைப் பிரிக்கும் செப்பரேட்டர் ஒழுங்காக இருந்தாலும், ஒரு கன மீட்டர் காற்றோடு சுமார் 3 மில்லிகிராம் எண்ணெய் வெளியே போய்விடும். 8 மணி நேர ஷிஃப்டில் காற்று ஏறக்குறைய 1,360 கன மீட்டர். எண்ணெய் 4 கிராம், ஒரு டீஸ்பூன்.

இந்த ஒரு ஸ்பூனை ஆம்பூர் டேனரிக்குள் கொண்டுபோய்ப் பாருங்கள். டிரம்மில் சுழலும் நூறு கிலோ வெட் புளூ, அதாவது குரோம் ஏற்றிய ஈரத் தோல், கிலோக் கணக்கில் ஃபேட் லிக்கர் எண்ணெயைக் குடிக்கிறது. எண்ணெய் ஏறாத தோல் காய்ந்தால் வெறும் பலகை. அதே தோல் ஃபினிஷிங்குக்கு வந்து ஸ்ப்ரே மெஷினுக்குள் நுழையும்போது, காற்றோடு வந்த நுண்துளி போதும், கெட்டுவிடும். தண்ணீரில் கலந்த பிக்மெண்ட் எண்ணெய்த் துளியில் ஒட்டாமல் சுற்றிலும் விலகிக்கொள்ளும். நடுவில் சின்ன வட்டக் குழி. ஃபிஷ்-ஐ எனப்படும் இந்தக் குழி விழுந்த இடத்தைக் கட்டிங்கில் ஷூ அப்பருக்கு எடுக்கமாட்டார்கள். மாட்டுத் தோலையும் ஆட்டுத் தோலையும் பதப்படுத்திய அத்தனை பேர் உழைப்பும் அந்த இடத்தில் வீண்.

ஃபில்டர் போட்டால் போதாதா? ஃபில்டர் பிடிப்பது துளியைத்தான். ஆவியான எண்ணெய் அதன் வழியே தாராளமாகப் போய்விடும். ஃபில்டர் அட்டையில் மிஞ்சும் எண்ணெய் கன மீட்டருக்கு 0.01 மில்லிகிராம் என்று போட்டிருப்பது 20 டிகிரி வாக்கில் சோதித்த எண். வேலூர் வெயில் 40-ஐத் தாண்டும், தகரக் கூரை போட்ட கம்ப்ரசர் ரூம் அதற்கும் மேலே. சூடு ஏற ஏற ஆவி கூடும். ஃபில்டரைத் தாண்டிப் போனது பைப்பில் குளிர்ந்து மறுபடி துளியாகும். ஆவியைப் பிடிக்க ஆக்டிவேடட் கார்பன் வேண்டும், அதுவும் சூட்டில் சீக்கிரம் ஓய்ந்துவிடும். ஆகவே டிரையருக்குப் பின்னால், குளிர்ந்த காற்றில் கார்பனை வைத்து, குறித்த நாள் தவறாமல் மாற்றுகிற டேனரிக்கு எண்ணெய் மெஷினே போதும் என்பேன். மாற்றாதவர் ஆயில்-ஃப்ரீ வாங்குவதே நல்லது.

ஆயில்-ஃப்ரீ என்றதும் வேலூர் பாகாயத்துக்காரர்களுக்கு அங்குள்ள மருத்துவக் கல்லூரி நினைவுக்கு வரும். நோயாளியின் நுரையீரலுக்குள் போகும் காற்றில் இந்தச் சமரசத்துக்கே இடமில்லை. அங்கே எண்ணெய் தொடாத காற்று வேண்டும். எண்ணெய் இல்லாமல் பிஸ்டன் வழுக்க டெஃப்லான் வளையம் உதவுகிறது. அது கிடைத்த கதை: 1938 ஏப்ரல் 6 அன்று அமெரிக்காவில் ராய் பிளங்கெட் ஒரு வாயு சிலிண்டரைத் திறந்தார். வாயு வரவில்லை, ஆனால் எடை குறையவில்லை. அறுத்துப் பார்த்தால் உள்ளே மெழுகுபோல் வெள்ளைப் பொடி. அதுதான் டெஃப்லான்! அறுத்துப் பார்க்காமல் தூக்கிப் போட்டிருந்தால்?

ஒன்றை மறக்காதீர்கள். ஆயில்-ஃப்ரீ மெஷின் தான் எண்ணெய் சேர்க்காது, அவ்வளவே. ஜெனரேட்டர் புகைக்குழாய்க்குப் பக்கத்தில் அதன் காற்று வாயை வைத்தால் அந்தப் புகையைத்தான் அமுக்கித் தரும்.

விலையும் கரண்ட் பில்லும் அடுத்த வாரம். கூடவே, 1860-இல் ரூட்ஸ் சகோதரர்கள் காப்புரிமை வாங்கிய ப்ளோயர், தோல் கழிவுநீர்த் தொட்டிக்குக் காற்று ஊத வந்த கதை.