உறக்கமும் நுரையீரல் நலமும்

நாட்டின் நோய்ச்சுமையைப் பற்றிப் பேசும்போது காசநோய், மலேரியா போன்ற தொற்றுநோய்களே முதலில் நினைவிற்கு வருகின்றன. ஆயினும், 2016-ஆம் ஆண்டில் இந்தியாவில் நேர்ந்த இறப்புகளில் ஏறத்தாழ 11 விழுக்காடு நாள்பட்ட சுவாச நோய்களால் விளைந்தவை என மதிப்பிடப்பட்டுள்ளது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கு மட்டும் அவ்வாண்டில் சுமார் 5.5 கோடிப் பேர் ஆளாகியிருந்தனர். புகையும் தூசியுமே இந்நோய்க்கு முதன்மையான காரணங்கள். அண்மை ஆண்டுகளில் உறக்கப் பழக்கமும் ஆய்வாளர்களின் கவனத்தை ஈர்த்துள்ளது.

இரவில் நிகழ்வது

உறக்கத்தின்போது சுவாசத்தின் ஆழம் குறைகிறது. கனவு நிலையில் விலா எலும்புகளுக்கிடையேயுள்ள தசைகள் தளர்ந்துவிடுவதால், மூச்சுவிடும் பணி பெரிதும் உதரவிதானத்தைச் சார்ந்து நிற்கிறது. பின்னிரவில் மூச்சுக்குழல்களும் சற்றே சுருங்குகின்றன. நலமுள்ளவர்களுக்கு இவற்றால் தீங்கில்லை. ஏற்கெனவே மூச்சுக்குழல் சுருங்கியவர்களுக்கோ இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு கணிசமாகக் குறையக்கூடும். குறட்டையுடன் கூடிய உறக்க மூச்சடைப்பும் சேர்ந்துகொண்டால் இடர் மேலும் பெருகும். இவ்விரு நோய்களும் ஒருவரிடமே காணப்படும் நிலைக்கு மருத்துவ அறிஞர் டேவிட் ஃபிளென்லி 1985-இல் தனிப்பெயர் சூட்டினார்.

காரணமா, விளைவா?

வயது வந்தோருக்கு நாள்தோறும் குறைந்தது 7 மணி நேர உறக்கம் தேவை. உறக்கக் குறைவும் உறக்கமின்மையும் உடையோரிடம் நுரையீரல் நோய் கூடுதலாகக் காணப்படுவதுண்டு. ஆனால், இதனைக் கொண்டே உறக்கக் குறைவுதான் நோயை உண்டாக்குகிறது என முடிவு செய்தல் பொருந்தாது. நோய் கண்டறியப்படுவதற்கு முன்பே இருமல் உறக்கத்தைக் குலைத்திருக்கலாம். புகையிலை நுரையீரலையும் கெடுக்கிறது; அதிலுள்ள நிகோடின் உறக்கத்தையும் கெடுக்கிறது.

நோயுற்றோரைப் பொறுத்தவரை சான்று இன்னும் தெளிவானது. அமெரிக்காவில் 1,647 நோயாளிகளிடம் மேற்கொள்ளப்பட்டு 2022-இல் வெளியான ஆய்வில், நல்ல உறக்கம் இல்லாதோருக்கு நோய் திடீரெனத் தீவிரமடையும் வாய்ப்பு, உறக்கக் குறைபாட்டின் அளவிற்கேற்ப 25 முதல் 95 விழுக்காடு வரை கூடுதலாக இருந்தது. அத்தகைய ஒவ்வொரு தாக்குதலும் மருத்துவச் செலவையும் கூலியிழப்பையும் குடும்பத்தின் மீது சுமத்துகிறது.

செய்யத்தக்கவை

எத்தனை மணி நேரம் உறங்குகிறோம் என்பதோடு, எங்கே உறங்குகிறோம் என்பதும் நம் நாட்டில் முக்கியமானது. ஏழைக் குடும்பங்கள் பலவற்றில் சமைக்கும் அறையே உறங்கும் அறை. விறகு, வறட்டிப் புகையுடன், மூடிய அறையில் எரியும் கொசுவர்த்திச் சுருளின் புகையும் சேர்கிறது. 2016-இல் தொடங்கப்பட்ட உஜ்வலா திட்டம் ஏழை இல்லங்களுக்கு எரிவாயு இணைப்பை வழங்கியது. உருளையைத் தொடர்ந்து வாங்கிப் பயன்படுத்தினால்தான் அதன் முழுப்பயன் கிட்டும்.

முப்பது வயதிற்கு மேற்பட்டோரிடம் இருமல், மூச்சுத்திணறல், சமையல் எரிபொருள் ஆகியவை பற்றி ஆஷா பணியாளர்கள் படிவம் வழியே வினவுகின்றனர். அவ்வேளையிலேயே பலத்த குறட்டை, இரவில் இருமி விழித்தல், பகலில் மிகுந்த தூக்கம் ஆகியவற்றையும் கேட்டறியலாம். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. ஐயத்திற்குரியோரை நுரையீரல் திறனறியும் ஸ்பைரோமெட்ரி சோதனைக்கு அனுப்பலாம். மருத்துவர் அறிவுரையின்றித் தூக்க மாத்திரை உட்கொள்வது சுவாசத்தை மேலும் தளர்த்தக்கூடும் என்பதையும் மக்களுக்கு உணர்த்த வேண்டும்.

நல்லுறக்கம் புகையின் தீங்கிற்கு மாற்று மருந்தாகாது. புகையை அகற்றுவதே முதற்பணி. எனினும், உறக்கக் குலைவைப் புறக்கணிக்காமல் கேட்டறிந்தால் நோயை முன்கூட்டியே அறியவும், நோயுற்றோரின் துயரைக் குறைக்கவும் இயலும்.