"அம்மாட்டைச் சொல்லாதை"

எங்கள் தெல்லிப்பழையில் 1990 இல் இடம்பெயர்ந்து, நலன்புரி நிலையங்களிலும் உறவினர் வளவுகளிலும் ஆண்டுக்கணக்காக இருந்து, காணி விடுபட்ட பின் திரும்பி வந்த குடும்பங்கள் பல. கணவனை இழந்த பெண்களும், கணவன் காணாமல் ஆக்கப்பட்ட பெண்களும் தனியே நடத்தும் வீடுகள் அவற்றுள் உண்டு. அந்த வீடுகளில் கைத்தொலைபேசி ஆடம்பரப் பொருள் அன்று. வெளிநாட்டில் இருக்கும் தமையனின் குரல் அதில்தான் வருகிறது. தையல் வேலைக்கான அழைப்பும் அதில்தான் வருகிறது. 2020 மார்ச்சில் கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது பிள்ளைகளின் படிப்பும் அதற்குள் வந்து சேர்ந்தது. பாடசாலைகள் திறந்த பின்பும் வீட்டுவேலையும் புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாளும் வட்ஸ்அப்பில் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

ஆகவே "பிள்ளைக்குப் போன் கொடுக்காதீர்கள்" என்று ஒரே வசனத்தில் முடித்துவிட முடியாது. எங்கள் மாதர் சங்கத்தில் தாய்மாருடன் கதைத்ததில், ஐந்து முதல் பத்து வயது வரையான பிள்ளைகளைப் பற்றி நான் விளங்கிக்கொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

ஆபத்து எந்த வழியால் வருகிறது?

முதலாவது, பிள்ளை பார்ப்பது. யூடியூப்பில் ஒரு கார்ட்டூன் முடிந்ததும் அடுத்தது தானாக ஓடத் தொடங்கும். நாலைந்து காணொளி கடந்ததும் என்ன ஓடுகிறது என்று அடுப்படியில் நிற்கும் தாய்க்குத் தெரியாது.

இரண்டாவது, பிள்ளையைத் தேடி வருபவர்கள். பல விளையாட்டுகளில் முன்பின் தெரியாதவர்களுடன் கதைக்கவும் எழுதவும் வசதி உண்டு. "நானும் உன்ரை வயதுதான்" என்று தொடங்கி, விளையாட்டில் பரிசு அனுப்பி, பிறகு படம் கேட்பார்கள்.

மூன்றாவது, பிள்ளையின் படம் வெளியே போவது. ஒரு முறை போன படத்தைத் திருப்பி எடுப்பது மிகக் கடினம்.

அந்த மௌனம் இன்று உதவாது

யுத்த காலத்தில் சோதனைச் சாவடியைக் கடக்கும்போது "ஆர் கேட்டாலும் ஒண்டும் தெரியாதெண்டு சொல்லு" என்றுதான் எங்களை வளர்த்தார்கள். அந்த மௌனம் அன்று உயிரைக் காத்தது. இன்று பிள்ளையைக் கெடுக்க வருபவன் கேட்பதும் அதே மௌனத்தைத்தான். "அம்மாட்டைச் சொல்லாதை, அம்மா அடிப்பா" என்பதே அவன் போடும் பூட்டு. அம்மா அடிப்பா என்பது வீட்டில் உண்மையாக இருந்தால் அந்தப் பூட்டு இறுகிவிடும்.

எங்கள் சங்கத்துத் தாய் ஒருவர் தரம் 4 படிக்கும் மகளிடம் முன்கூட்டியே இப்படிச் சொல்லி வைத்திருந்தார்: "ஆராவது அம்மாட்டைச் சொல்லாதை எண்டு சொன்னால், அதைத்தான் முதல் வந்து சொல்லவேணும். நான் அடிக்கவும் மாட்டன், ஏசவும் மாட்டன்." ஒரு நாள் விளையாட்டில் யாரோ பாடசாலைச் சீருடையுடன் படம் கேட்டபோது, அந்தப் பிள்ளை போனுடன் நேரே தாயிடம் ஓடி வந்தாள். எந்தப் பூட்டையும் விட அந்த வாக்குத்தான் அவளைக் காத்தது. வாக்குக் கொடுத்தால் காப்பாற்றவும் வேண்டும்.

கணக்கு இப்போது வேண்டாம்

பேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டொக் ஆகியவை தங்கள் விதிப்படியே 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு உரியவை அல்ல. பிறந்த ஆண்டை மாற்றிக் கணக்குத் திறந்து கொடுத்தால், அந்தத் தளம் எட்டு வயதுப் பிள்ளையை இருபத்தைந்து வயதுக்காரராகவே நினைத்து, பெரியவர்களுக்கு உரியதைக் காட்டும். அவுஸ்திரேலியாவில் 2025 டிசெம்பர் 10 முதல், 16 வயதுக்குக் குறைந்தவர்கள் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் பொறுப்பு சமூக ஊடக நிறுவனங்கள் மீதே சட்டத்தால் சுமத்தப்பட்டுள்ளது. ஆரம்பப் பிரிவுப் பிள்ளைக்கு இவை தேவையில்லை என்று சொல்ல நாம் தயங்க வேண்டியதில்லை.

வீட்டில் செய்யக்கூடியவை

1. போன் தாயினுடையது, பிள்ளைக்கு இரவல். விறாந்தையில் அல்லது குசினி வாசலில், கண்ணுக்குத் தெரிய இருந்து பாவிக்கட்டும். இரவில் அது தாயின் தலைமாட்டில் இருக்கட்டும்.

2. வினாத்தாளையும் பாடக் காணொளியையும் முதலில் இறக்கி வைத்து, டேற்றாவை நிற்பாட்டிவிட்டுப் பிள்ளையிடம் கொடுங்கள். பாதுகாப்புக்குப் பாதுகாப்பு, ரீலோட் காசும் மிச்சம்.

3. யூடியூப்பில் தானாக அடுத்தது ஓடுவதை நிறுத்தி, 'றெஸ்ற்றிக்ரெட் மோட்' என்பதைப் போடுங்கள். அது எல்லாவற்றையும் வடிகட்டாது. எனவே கண் வேண்டும்.

4. வட்ஸ்அப்பில் 'பிரைவசி' பகுதிக்குப் போய், உங்களைக் குழுவில் சேர்ப்பதையும் உங்கள் படத்தைப் பார்ப்பதையும் உங்களிடம் இலக்கம் உள்ளவர்களுக்கு மட்டும் என்று மாற்றுங்கள்.

ஆங்கிலம் தடையாக இருந்தால், அநேகமான போன்களின் மொழியைத் தமிழுக்கு மாற்றலாம்.

படம் எடுக்க வருபவர்கள்

எங்கள் பகுதிகளில் இதையும் பேசியாக வேண்டும். புத்தகப்பையோ துவிச்சக்கர வண்டியோ கொடுக்க வருபவர்கள், தாயின் கண்ணீரையும் பிள்ளையின் முகத்தையும் காணொளியாக எடுத்து யூடியூப்பிலும் பேஸ்புக்கிலும் போடுவது வழக்கமாகிவிட்டது. தகப்பன் இல்லாத வீடு, இன்ன ஊர், இன்ன பாடசாலை என்பதெல்லாம் அதில் வெளியே போகிறது. காவல் இல்லாத வீடு எது என்று கெட்டவனுக்கும் அது காட்டிக்கொடுக்கும். பிள்ளை வளர்ந்த பின் வகுப்புத் தோழர்களும் அதைப் பார்ப்பார்கள்.

உதவியை வாங்குவதால் மறுக்கும் உரிமை போய்விடாது. "பிள்ளையின்ரை முகமும் பேரும் வேண்டாம், என்ரை கையை மட்டும் எடுங்கோ" என்று சொல்லுங்கள். கணக்குக் காட்டப் படம் தேவை என்றால் அது போதும். வெளிநாட்டு உறவினருக்குப் படம் அனுப்பும்போதும் "பேஸ்புக்கிலை போடாதேங்கோ" என்று ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள்.

ஏதும் நடந்துவிட்டால்

பிள்ளையை அடிக்க வேண்டாம். குற்றம் பிள்ளையினுடையது அன்று. வந்த செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள், அவை சாட்சி. பிள்ளையின் தவறான படம் எதையும் எவருக்கும், உதவி கேட்பதற்காகக்கூட, அனுப்ப வேண்டாம். மிரட்டிக் காசு கேட்டால் கொடுக்க வேண்டாம். ஒரு முறை கொடுத்தால் திரும்பவும் கேட்பார்கள்.

தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் நேரே போய்க் கதைக்கலாம். பொலிஸ் நிலையத்துக்குத் தனியே போகத் தயக்கமாக இருந்தால் அயலில் ஒரு பெண்ணைத் துணைக்குக் கூட்டிச் செல்லுங்கள். அங்கே சிறுவர், பெண்கள் பிரிவைக் கேளுங்கள். சிறுவர்களின் ஆபாசப் படங்களை எடுப்பதும் வைத்திருப்பதும் பரப்புவதும் எமது நாட்டில் தண்டனைக்குரிய குற்றங்கள்.

சகோதரிகளே, போனைப் பற்றி எங்களை விடப் பிள்ளைகளுக்குக் கூடத் தெரிந்திருக்கலாம். மனிதர்களைப் பற்றி எங்களுக்குத்தான் கூடத் தெரியும். யாரை நம்பலாம், யாரை நம்பக் கூடாது என்பதைப் பட்டுப் படித்தவர்கள் நாங்கள். இன்றிரவு சாப்பாட்டு நேரத்தில் "இண்டைக்குப் போனிலை என்ன பாத்தனி?" என்று பிள்ளையிடம் கேளுங்கள். அது சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசாமல் இருங்கள்.