உப்பு நின்றால் நீரும் நிற்கும்

வளர்ந்த ஒருவரின் உடலில் ஓடும் ரத்தம் ஏறத்தாழ 5 லிட்டர். அதில் பாதிக்கு மேல் பிளாஸ்மா எனும் நீர்ப்பகுதி. சிறுநீரகங்கள் ஒரு நாளில் வடிகட்டும் நீரோ சுமார் 180 லிட்டர். ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராகக் கழிகிறது. மீதி ரத்தத்துக்கே திரும்புகிறது. திரும்புவதில் நூற்றில் ஒரு பங்கு குறைந்தாலே சிறுநீர் இரண்டு மடங்குக்கு மேலாகிவிடும். ரத்தத்தின் அளவைக் கட்டிக்காப்பவை ஹார்மோன்கள்.

ரத்த அளவை நேரடியாக அறியும் வழி உடலுக்கு இல்லை. நாளங்களின் சுவர் எவ்வளவு விரிகிறது, ரத்தத்தில் உப்பு எவ்வளவு செறிந்திருக்கிறது என்பவற்றை வைத்தே கணக்குப் போடுகிறது.

வாந்திபேதியில் ரத்த அளவு குறைந்ததும், சிறுநீரகத்தின் நுண்தமனிச் சுவரிலுள்ள செல்கள் அழுத்தம் தளர்வதை உணர்ந்து ரெனினைச் சுரக்கின்றன. கல்லீரல் ரத்தத்தில் விட்டிருக்கும் ஒரு புரதத்தை ரெனின் நறுக்குகிறது. அந்தத் துண்டு, பெரும்பாலும் நுரையீரலில், மேலும் நறுக்கப்பட்டு ஆஞ்சியோடென்சின் 2 ஆகிறது. இது ரத்தக் குழாய்களை இறுக்குகிறது, தாகத்தைத் தூண்டுகிறது, சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியிலிருந்து ஆல்டோஸ்டிரோனை வரவழைக்கிறது. ஆல்டோஸ்டிரோன், சிறுநீரில் கழிய இருந்த சோடியத்தை மீட்டுத் தருகிறது. அதன் பின்னே நீரும் வந்துவிடுகிறது. பேதிக்கு வெறும் தண்ணீர் போதாமல், உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசல் தரப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நீரை மட்டும் தனியே மீட்பது வாசோப்ரெசின். மூளையின் ஹைப்போதலாமஸில் உருவாகி, பிட்யூட்டரியின் பின்பகுதியிலிருந்து வெளிவருகிறது. உப்புச் செறிவு நூற்றில் ஒரு பங்கு கூடினாலே இது சுரக்கும். ரத்த அளவோ பத்தில் ஒரு பங்கு குறைந்த பிறகுதான் இது பெருமளவில் பொங்கும்.

ரத்தம் மிகுந்தால் தடுப்பது இதயமே. கனடாவின் கிங்ஸ்டன் நகரில் அடோல்ஃபோ டி போல்ட் குழுவினர், எலிகளின் இதய மேலறைத் திசுச்சாற்றை வேறு எலிகளுக்குச் செலுத்தினார்கள். சிறுநீரும் அதில் உப்பும் மளமளவென்று பெருகின. 1981இல் வெளியான இந்த ஆய்வு, இதயத்தையும் ஒரு சுரப்பியாக்கியது. அந்தச் சாற்றில் இருந்தது, மேலறைகள் விரியும்போது சுரக்கும் ஒரு ஹார்மோன். அது ரெனினையும் ஆல்டோஸ்டிரோனையும் அடக்கி உப்பை வெளியேற்றுகிறது.

இதயம் பலவீனமானால் கணக்கு பிசகுகிறது. ரத்தம் போதிய அளவு இருந்தும், தமனிகளில் அழுத்தம் குறைவதைச் சிறுநீரகம் ரத்தக் குறைவாகவே எடுத்துக்கொண்டு உப்பைச் சேர்க்கிறது. கால் வீங்குகிறது, படுத்தால் மூச்சு திணறுகிறது. ஆஞ்சியோடென்சின் 2 உருவாவதைத் தடுக்கும் எனலாப்ரில் போன்ற மாத்திரைகள் இந்தச் சங்கிலியை நடுவில் அறுக்கின்றன.