கொப்பரைக்கு வெயில் கூடாரம்: வியாபாரிகள் செய்ய வேண்டியது

கூமாப்பட்டி, வத்திராயிருப்பு என்றாலே பிளவக்கல் அணையும் தென்னந்தோப்புகளும்தான் நினைவுக்கு வரும். அங்கு விளையும் தேங்காயில் ஒரு பகுதி கொப்பரையாகி நம் மண்டிகளுக்கு வருகிறது. கொப்பரையில் லாப நஷ்டத்தைத் தீர்மானிப்பது ஈரப்பதமே என்பது நம் உறுப்பினர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

உடைத்த தேங்காயின் பருப்பில் ஏறக்குறைய பாதி தண்ணீர். 100 கிலோ ஈரப் பருப்பு, 6 சதவீத ஈரப்பதத்துக்குக் காயும்போது 50 கிலோ அளவில்தான் நிற்கும். களத்தில் நல்ல வெயில் அடித்தாலும் இதற்கு ஒரு வாரம் வேண்டும். இடையில் மழை பெய்தால் பூஞ்சணம் பிடிக்கும். அதைத் தடுக்கக் கந்தகப் புகை போட்டால், நல்ல எண்ணெய் ஆலைகள் சரக்கை ஒதுக்கிவிடும். மட்டையையும் சிரட்டையையும் எரித்துக் காயவைத்தால் பருப்பு கறுத்து விலை குறையும். கரி சுடுவோருக்கு விற்றிருக்க வேண்டிய சிரட்டையும் சாம்பலாகும்.

ஐப்பசி, கார்த்திகை மழையைக் கணக்கிட்டே முன்பெல்லாம் களத்தை நடத்தினோம். இப்போது அந்தக் கணக்கு பொய்க்கிறது. 2023 டிசம்பரில், மார்கழி பிறந்த வேளையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியதை மறக்க முடியாது.

இதற்கு ஒரு மாற்று சூரிய கூடார உலர்த்தி. பாலிகார்பனேட் தகடு வேய்ந்த இந்தக் கூடாரத்தினுள் வெயில் நுழையும். வெப்பம் எளிதில் வெளியேறாது. பூமியைச் சூழ்ந்து கரியமில வாயு செய்யும் வேலையும் ஏறக்குறைய இதுதான். அங்கே கேடாவது இங்கே உதவியாகிறது. ஈரக் காற்றை வெளியே தள்ளும் விசிறியும் சூரிய மின்சாரத்தில் ஓடும். விறகு, டீசல் செலவு இல்லை. தூசியும் காக்கைத் தொல்லையும் இல்லை. பொள்ளாச்சிப் பகுதியில் நடந்த ஆய்வுகளில், களத்தில் ஆகும் நேரத்தில் பாதிக்கும் குறைவாகவே கொப்பரை காய்ந்திருக்கிறது. மூடாக்கு நாளில் வேகம் குறையும் என்பது உண்மை. ஆனாலும் சரக்கு நனையாது.

இதை அமைக்க வேளாண்மைப் பொறியியல் துறை மானியம் தந்து வருகிறது. அப்படியிருந்தும் சிறு விவசாயி தயங்குவதில் நமக்கும் பங்குண்டு. கூடாரத்தில் காய்ந்த வெள்ளைக் கொப்பரைக்கும் புகை பிடித்த கொப்பரைக்கும் ஒரே விலை போட்டால் அவர் எதற்காக முதல் போட வேண்டும்? 2025 பருவத்துக்கு மத்திய அரசு அரவைக் கொப்பரைக்குக் குவிண்டாலுக்கு ரூ.11,582 ஆதார விலை அறிவித்தது. அந்த விலையும் தரமான சரக்குக்குத்தான்.

எனவே நாம் செய்யக்கூடியவை இரண்டு. மண்டிதோறும் ஈரப்பதமானி வைத்து, விவசாயியின் கண்ணெதிரே அளந்து, தரத்துக்கேற்ற விலை தருவது ஒன்று. தனியாக முதல் போட முடியாதவர்களுக்காக, நாலைந்து வியாபாரிகள் சேர்ந்து தோப்புகளுக்கு அருகிலேயே பொது உலர்த்தி அமைத்து, நியாயமான கூலிக்குக் காயவைத்துத் தருவது மற்றொன்று. காங்கேயம் ஆலைக்கு அனுப்பிய லோடு திரும்பி வராமல் இருந்தால், அந்த லாபம் விவசாயிக்கும் நமக்கும் பொதுவானது. அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் உறுப்பினர்கள் இதை விவாதித்து முடிவெடுக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.