குழந்தைக்கு ஏன் இவ்வளவு தாகம்?

நீரிழிவு என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுபவர் யார்? நாற்பது வயதைத் தாண்டியவர். சற்றே பருத்த உடலினர். "காப்பிக்குச் சர்க்கரை வேண்டாம்" என்பவர். பள்ளிக்குச் செல்லும் சிறுமியோ, தொட்டிலில் கிடக்கும் பச்சிளங் குழந்தையோ நம் நினைவுக்கு வருவதில்லை. ஆனால் இந்நோய்க்கு வயது வரம்பு ஏதும் இல்லை. சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இந்தியாவில் 20 வயதுக்கு உட்பட்டோருள் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் முதல் வகை நீரிழிவுடன் வாழ்கின்றனர். அம்மதிப்பீட்டில் உலக நாடுகளுள் இதுவே மிகப் பெரிய எண்ணிக்கை.

பெரியவர்களுக்கு வரும் நீரிழிவு பல ஆண்டுகள் ஓசையின்றி உடலில் தங்கியிருக்கும். குழந்தைகளுக்கு வருவது அப்படியன்று. அறிகுறிகள் தோன்றிய சில வாரங்களில், மிகச் சிறிய குழந்தைகளானால் சில நாள்களிலேயே, உயிருக்கு ஆபத்தான நிலை வந்துவிடக்கூடும். ஆகவே அதன் தொடக்க அறிகுறிகளை ஒவ்வொரு பெற்றோரும், ஒவ்வோர் ஆசிரியரும் அறிந்திருப்பது அவசியம். அறிகுறிகளை மனப்பாடம் செய்யவேண்டியதில்லை. உடலில் நடப்பது என்ன என்பதைப் புரிந்துகொண்டால் அவை தாமாகவே விளங்கும்.

நுழைய முடியாத உணவு

நாம் உண்ணும் சோறும் இட்லியும் பழமும் செரித்து, குளுக்கோஸ் என்னும் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. இதுவே உடலின் எரிபொருள். ஆனால் இரத்தத்தில் இருந்தால் மட்டும் போதாது. அது தசைச் செல்களுக்குள் புகவேண்டும். புகுவதற்கு இன்சுலின் என்னும் ஹார்மோன் தேவை.

இரைப்பைக்குப் பின்னால் கணையம் என்ற உறுப்பு உள்ளது. அதனுள் சிறு தீவுகளைப் போலச் சிதறிக் கிடக்கும் செல் கூட்டங்களை 1869ஆம் ஆண்டில் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மானிய மருத்துவ மாணவர் முதன்முதலாக விவரித்தார். அத்தீவுகளில் உள்ள பீட்டா செல்களே இன்சுலினைச் சுரப்பவை.

கிருமிகளை அழிக்கவேண்டிய நம் உடலின் பாதுகாப்புப் படை, சிலருக்கு இந்தப் பீட்டா செல்களையே பகையெனக் கருதித் தாக்குகிறது. இந்தத் தாக்குதல் மாதக்கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில் நடக்கும். பெரும்பகுதி செல்கள் அழிந்த பிறகே அறிகுறிகள் வெளிப்படும். இதுவே முதல் வகை நீரிழிவு.

குழந்தை மிட்டாய் தின்றதால் இந்நோய் வருவதில்லை. தாயின் வளர்ப்பில் குறை இருந்ததாலும் வருவதில்லை. இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதும் இல்லை. நோயுற்ற குழந்தைகளில் பெரும்பாலோரின் பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்த வகை நீரிழிவு இருப்பதில்லை. "எங்கள் வீட்டில் யாருக்கும் சர்க்கரை நோய் இல்லையே" என்று எவரும் கவலையற்று இருந்துவிட முடியாது.

தாகம் முதலில் வருவதில்லை

சிறுநீரகம் இரத்தத்தை வடிகட்டும்போது அதிலுள்ள குளுக்கோஸை வீணாக்காமல் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. ஆனால் அதன் ஆற்றலுக்கும் ஓர் எல்லை உண்டு. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 180 மில்லிகிராமுக்கு மேல் குளுக்கோஸ் சேர்ந்தால், மிஞ்சியது சிறுநீரில் வழிந்துவிடும். அவ்வாறு வழியும் சர்க்கரை தன்னோடு தண்ணீரையும் இழுத்துச் செல்லும். எனவே குழந்தை அடிக்கடி, அதுவும் மிகுதியாகச் சிறுநீர் கழிக்கிறது. உடலில் நீர் குறைகிறது. நீர் குறைந்ததும் தாகம் எடுக்கிறது.

இங்கேதான் நம்மில் பலரும் தவறு செய்கிறோம். "ஓயாமல் தண்ணீர் குடிக்கிறான், அதனால்தான் ஓயாமல் போகிறான்" என்று கருதித் தண்ணீரைக் குறைக்கப் பார்க்கிறோம். உண்மை நேர்மாறானது. அவன் குடிப்பதால் போகவில்லை, போவதால் குடிக்கிறான். இரவில் தானாகவே விழித்தெழுந்து குழந்தை தண்ணீர் கேட்டால், அது வெறும் பழக்கமா என்று எண்ணிப் பார்க்கவேண்டும்.

செல்களுக்குள் குளுக்கோஸ் புகாததால், நிறைய உணவு இருந்தும் உடல் பட்டினி கிடக்கிறது. சில குழந்தைகளுக்குப் பசி மிகும். எரிபொருளுக்காக உடல் தன் கொழுப்பையும் தசையையும் கரைக்கத் தொடங்கும். எடை குறையும், சோர்வு மிகும். விளையாட்டில் முந்தி நின்ற சிறுமி ஓரமாக உட்கார்ந்துவிடுவாள். வளரும் குழந்தையின் எடை கூடவேண்டும். நன்றாக உண்டும் எடை குறைகிறதென்றால் காரணம் தேடியே ஆகவேண்டும்.

மிகுந்த சிறுநீர், மிகுந்த தாகம், எடைக் குறைவு, சோர்வு ஆகிய நான்கும் ஒரே சங்கிலியின் கண்ணிகள்.

பேசத் தெரியாத குழந்தையிடம்

கைக்குழந்தைக்குத் தாகம் என்று சொல்லத் தெரியாது. அது சிணுங்கும், ஆவலுடன் பால் குடிக்கும், குடித்தும் எடை ஏறாது. இடுப்புத் துணி வழக்கத்தைவிட அடிக்கடி நனைந்து கனத்துப்போகும். துணி பட்ட இடத்தில் பூஞ்சையால் சிவந்த புண் உண்டாகி, மருந்து போட்டும் ஆறாமல் திரும்பத் திரும்ப வரும். சிறுநீர் பட்ட இடம் காய்ந்ததும் பிசுபிசுக்கலாம், எறும்பு மொய்க்கலாம். சிறுநீரை எறும்பு நாடுவதை நம் நாட்டுப் பண்டை மருத்துவர்கள் கவனித்து 'மதுமேகம்' என்று பெயரிட்டிருக்கின்றனர். ஆனால் எறும்பு வரவில்லை என்பதால் நோய் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

பிறந்து ஆறு மாதங்களுக்குள் தோன்றும் நீரிழிவு பெரும்பாலும் வேறு வகையைச் சேர்ந்தது. ஒற்றை மரபணுவில் ஏற்பட்ட மாற்றமே அதற்குக் காரணம். மரபணுச் சோதனை செய்து, அவர்களுள் சிலருக்கு இன்சுலின் ஊசிக்குப் பதிலாக மாத்திரையே போதும் என்று அறிய முடிகிறது.

சற்று வளர்ந்த குழந்தையிடம் மிகத் தெளிவாகத் தெரியும் அடையாளம் ஒன்று உண்டு. படுக்கையை நனைக்கும் பழக்கத்தை விட்டுப் பல மாதங்களோ ஆண்டுகளோ ஆன குழந்தை, மீண்டும் நனைக்கத் தொடங்குவதே அது. அதைத் திட்டுவதற்கு முன், அதன் தாகத்தைக் கவனியுங்கள்.

ஏன் ஏமாந்துபோகிறோம்?

இந்த அறிகுறிகள் ஒவ்வொன்றுக்கும் நம்மிடம் ஒரு விடை தயாராக இருக்கிறது. தாகமா? கோடைக்காலம். மெலிவா? உயரமாக வளர்கிறான், அல்லது வயிற்றில் பூச்சி. சோர்வா? தேர்வுக்குப் படிக்கிறாள். படுக்கை நனைகிறதா? எதையோ கண்டு பயந்திருக்கிறாள். தனித்தனியே பார்த்தால் இவ்விடைகள் சரியாகவும் இருக்கலாம். ஆனால் நான்கும் சேர்ந்து வந்தால் நான்கு விடைகளைத் தேடாதீர்கள். ஒரே விடையைத் தேடுங்கள்.

வாடிய குழந்தைக்கு அன்போடு குளுக்கோஸ் தண்ணீரும் பழச்சாறும் புட்டிப் பானமும் கொடுப்பது நம் வழக்கம். நோய் இருந்தால் இவை இரத்தச் சர்க்கரையை மேலும் ஏற்றிவிடும். காரணம் தெரியும்வரை தாகத்துக்கு வெறும் தண்ணீரே நல்லது.

இந்தக் கட்டத்திலும் கண்டறியாவிட்டால் நிலைமை முற்றும். கொழுப்பு பெருமளவில் எரியும்போது கீட்டோன்கள் என்னும் பொருள்கள் உண்டாகின்றன. இவை மிகுந்தால் இரத்தம் அமிலத்தன்மை அடைகிறது. இதை மருத்துவர்கள் 'கீட்டோ அசிடோசிஸ்' என்பர். அப்போது வாந்தியும் வயிற்றுவலியும் வரும். மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் ஓடும். அமிலத்தைக் குறைக்க நுரையீரல் செய்யும் முயற்சி அது. இத்தகைய மூச்சை 1874ஆம் ஆண்டில் விவரித்தவர் அடால்ஃப் குஸ்மால் என்ற ஜெர்மானிய மருத்துவர். வாயில் அழுகிய பழத்தைப் போன்ற வாடை வீசலாம். பிறகு மயக்கம்.

இந்நிலையை உணவு ஒவ்வாமை என்றும், குடல்வால் அழற்சி என்றும், நிமோனியா என்றும் தவறாகக் கருதிவிட இடமுண்டு. ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். வாந்தியாலும் பேதியாலும் நீரிழந்த குழந்தைக்குச் சிறுநீர் குறைந்துபோகும். நீரிழிவுக் குழந்தைக்கோ உதடும் நாவும் வறண்டிருக்கும்போதும் சிறுநீர் தாராளமாகப் போய்க்கொண்டிருக்கும். நாவறட்சியும் மிகுந்த சிறுநீரும் ஒன்றாக இருப்பது பெரிய எச்சரிக்கை.

ஒரு துளி இரத்தம் போதும்

பள்ளி ஆய்வகத்தில் பெனடிக்ட் கரைசலைச் சூடாக்கிப் பார்த்திருப்பீர்கள். நீல நிறம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறமாக மாறினால் சர்க்கரை மிகுதி. ஒரு காலத்தில் மருத்துவமனைகளில் சிறுநீரை இவ்வாறுதான் சோதித்தார்கள். இன்று விரல் நுனியிலிருந்து ஒரு துளி இரத்தம் எடுத்து, குளுக்கோமீட்டரில் வைத்தால் சில விநாடிகளில் அளவு தெரிந்துவிடும்.

மேற்கூறிய அறிகுறிகளோடு, எந்த நேரத்தில் பார்த்தாலும் 100 மில்லிலிட்டருக்கு 200 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால், அது நீரிழிவு என்றே கொள்ளவேண்டும். ஆய்வகச் சோதனை அதை உறுதிப்படுத்தும். "நாளைக் காலை வெறும் வயிற்றில் பார்ப்போம்" என்று ஒத்திவைப்பது கூடாது. குழந்தைக்கு ஓர் இரவும் நீண்ட பொழுதே. சந்தேகம் எழுந்த அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். வாந்தி, ஆழ்ந்த மூச்சு, மயக்கம் ஆகியவற்றுள் ஒன்று தெரிந்தாலும் நேரே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

தாத்தாவுக்காக வாங்கிய குளுக்கோமீட்டர் இன்று பல வீடுகளில் இருக்கிறது. குழந்தையின் கையைக் கழுவித் துடைத்து, புதிய ஊசியால் குத்திப் பார்க்கலாம். விரலில் ஒட்டியிருக்கும் இனிப்பு அளவைக் கூட்டிக் காட்டும் என்பதால் கை கழுவுதல் முக்கியம். அளவு சரியாக இருந்தும் அறிகுறிகள் நீடித்தால் மருத்துவரைப் பார்க்கவே வேண்டும்.

பார்மாவின் சுவரொட்டி

இத்தாலி நாட்டில் பார்மா என்றொரு மாகாணம் உள்ளது. 1991ஆம் ஆண்டில் அங்குள்ள மருத்துவர்கள் 177 பள்ளிகளில் ஒரு சுவரொட்டியை ஒட்டச் செய்தனர். மிகுந்த தாகம், மிகுந்த சிறுநீர், மீண்டும் படுக்கை நனைத்தல் ஆகியவற்றைப் பற்றிய எளிய எச்சரிக்கையே அதில் இருந்தது. குழந்தை மருத்துவர்களுக்குச் சர்க்கரையை அளக்கும் கருவிகளையும் கொடுத்தனர்.

விளைவு என்ன? 1991 முதல் 1997 வரை அம்மாகாணத்தில் புதிதாக நீரிழிவு கண்டறியப்பட்ட 6 முதல் 14 வயதுவரையான குழந்தைகளுள் 12.5 சதவீதத்தினரே, அதாவது எட்டில் ஒருவரே, கீட்டோ அசிடோசிஸ் நிலையில் வந்தனர். சுவரொட்டி ஒட்டப்படாத அண்டை மாகாணங்கள் இரண்டில் அது 83 சதவீதம். புதிய மருந்து எதுவும் பார்மாவில் கண்டுபிடிக்கப்படவில்லை. பெற்றோரும் ஆசிரியரும் சில அறிகுறிகளைத் தெரிந்துகொண்டார்கள், அவ்வளவே.

கண்டறிந்த பின்

ஒரு நூற்றாண்டுக்கு முன்பு கண்டறிந்தும் பயனில்லாமல் இருந்தது. 1922 ஜனவரியில் கனடாவின் டொரான்டோ நகரில், பான்டிங், பெஸ்ட், மக்லியாட், காலிப் ஆகியோரின் உழைப்பால் பிறந்த இன்சுலின், லெனார்டு தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்குச் செலுத்தப்பட்டது. சாவின் விளிம்பில் எலும்பும் தோலுமாகக் கிடந்த அவன் தேறினான். மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

இன்று இன்சுலினை முறையாகப் போட்டுக்கொண்டு, சர்க்கரையை அளந்துவரும் குழந்தை மற்றக் குழந்தைகளைப் போலவே படிக்கலாம், விளையாடலாம், வளர்ந்து ஆளாகலாம். சிகிச்சை தொடங்கிய சில வாரங்களில் இன்சுலின் தேவை சற்றுக் குறைவதுண்டு. நோய் போய்விட்டதென்று எண்ணி எவருடைய பேச்சைக் கேட்டும் ஊசியை நிறுத்திவிடக் கூடாது; எஞ்சிய பீட்டா செல்கள் சிறிது காலம் கைகொடுப்பதே அதற்குக் காரணம்.

மருந்து இருக்கிறது, சோதனைக் கருவியும் இருக்கிறது. அவை குழந்தையை நேரத்தில் எட்டவேண்டுமானால், வீட்டிலோ வகுப்பிலோ ஒருவர் கவனிக்கவேண்டும். உங்கள் தம்பியோ தங்கையோ இரவில் எழுந்து செம்பு செம்பாகத் தண்ணீர் குடிப்பதைக் கண்டால், வெயிலின்மேல் பழி போட்டுவிட்டுத் தூங்கிவிடாதீர்கள். அன்றே சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.