வாலைப் பார்த்து ஏமாறாதீர்கள்

துறையூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வீட்டில் இரண்டு பெட்டை நாய்கள். பெரியதற்கு ஆறு வயது, சின்னதற்கு இரண்டு. ஒன்றாகத் தின்று ஒன்றாகப் படுத்தவை, மூன்று மாதமாகக் குதறிக்கொள்கின்றன. "பாய்கிற நிமிஷம் வரை வாலை ஆட்டிக்கொண்டுதான் சார் நிற்கிறது. சின்னதை எங்காவது கொண்டுபோய் விட்டுவிடலாமா?" என்று கேட்கிறார்.

அந்தக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் வால்.

நாய் வாலாட்டினால் அன்பு என்பது நம் எண்ணம். ஆனால் "என்கிட்ட வாலாட்டாதே" என்று நாமே அதட்டவும் செய்கிறோம். இரண்டு பொருளும் சரிதான். இத்தாலியில் பாரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 30 நாய்களை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் நிறுத்தி, மேலே கேமராவைப் பொருத்தி, வால் எந்தப் பக்கம் அதிகம் சாய்கிறது என்று அளந்தார்கள். வளர்த்தவரைக் கண்டதும் வால் வலப்பக்கம் அதிகம் போனது. முன்பின் தெரியாத, முரட்டு நாயைக் காட்டியதும் இடப்பக்கம் சாய்ந்தது. ஆய்வு வெளியானது 2007இல். இடப்பக்க ஆட்டத்தைப் படத்தில் பார்க்கிற நாய்களுக்கு இதயத் துடிப்பு எகிறுகிறது என்று 2013இல் அதே குழுவினர் காட்டினார்கள்.

வலம், இடம் எல்லாம் நாயின் கணக்கில். எதிரே நிற்கும் நமக்குத் தலைகீழ். வாசலில் நின்று கண்ணால் பிடிக்க நான் ஒரு மாதம் முயன்று தோற்றேன். நம் கண்ணுக்கு எட்டுவது வேறு: வால் கொடிக்கம்பம்போல் விறைத்து நிற்கும், நுனி மட்டும் துடிக்கும். திறந்திருந்த வாய் மூடிக்கொள்ளும். உடம்பு மரக்கட்டையாகும். அடுத்தது பாய்ச்சல்தான்.

எனக்கு இது தெரியாத காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை எலும்புப் பையோடு கேட்டைத் திறந்தேன். என் நாய்கள் மணியும் கறுப்பனும் ஒரே சமயத்தில் ஓடி வந்தன. வால்கள் ஆடின. அடுத்த நொடி இரண்டும் உருண்டன. கழுத்துப் பட்டையைப் பிடிக்கப்போன என் கட்டைவிரல் கிழிந்தது. கடித்தது மணியா கறுப்பனா, இன்றுவரை தெரியாது. சண்டையில் இருக்கும் நாய்க்கு நம் கையும் எதிரியின் காலும் ஒன்றுதான். சோப்புப் போட்டு, குழாய்த் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஊசிக்கு ஓடினேன். வளர்ப்பு நாய் கடித்தாலும் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

ஆகவே கையை விடாதீர்கள். ஒரு வாளித் தண்ணீரை முகத்தில் ஊற்றுங்கள். இல்லையென்றால் பிளாஸ்டிக் நாற்காலியையோ பலகையையோ நடுவில் செருகுங்கள். இரண்டு பேர் இருந்தால் ஆளுக்கொரு நாயின் பின்னங்கால்களைத் தூக்கிப் பின்னால் இழுத்து, நடுவில் ஒரு கதவு மூடும்வரை விடாதீர்கள். உடனே சமாதானப்படுத்தச் சேர்த்துவிடவும் கூடாது.

"விடுங்க, யார் பெரியவள்னு அதுங்களே முடிவு பண்ணிக்கட்டும்" என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். ஓநாய்க் கூட்டத்துக்குச் சண்டையில் ஜெயித்த தலைவன் உண்டு என்ற பழைய நம்பிக்கையின் மிச்சம் இது. கூண்டில் அடைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதிய கதை. காட்டு ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாய், தகப்பன், பிள்ளைகள் கொண்ட குடும்பமே என்று ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1999இல் எழுதினார்.

வீட்டுச் சண்டைக்குக் காரணம் வேறு. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள், ஒரே வீட்டில் சண்டையிட்ட 38 ஜோடி நாய்களை ஆராய்ந்து 2011இல் எழுதினார்கள். 79 சதவீத ஜோடிகள் ஒரே பாலினம். ஆரம்பிப்பது பெரும்பாலும் இளையது அல்லது புதிதாக வந்தது. தூண்டுவது சாப்பாடு, பரபரப்பு, நம் கவனம். எங்கள் தெருக் குழாயடி நினைவுக்கு வருகிறது. தண்ணீர் வரும் அந்தப் பத்து நிமிடம்தான் சண்டை. மற்ற நேரம் அதே பெண்கள் ஒரே திண்ணையில் பூக்கட்டினார்கள்.

குழாயடியைக் கலைத்துவிடுங்கள். சாப்பாடு தனித்தனி அறையில். தின்று முடித்ததும் தட்டை எடுத்துவிடுங்கள். வெளியிலிருந்து வந்ததும் கொஞ்சாதீர்கள். இரண்டும் அடங்கிய பிறகு தனித்தனியே தடவிக்கொடுங்கள். ஆளுக்கொரு நாயைப் பிடித்து, இடைவெளி விட்டு, ஒரே திசையில் நடத்திப் பழக்குங்கள். முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்: திடீரென்று சீறுகிற நாய்க்குக் காதிலோ இடுப்பிலோ வலி இருக்கலாம்.

இன்னொன்று. உறுமினால் அடிக்கிறோம். உறுமல் "தள்ளிப் போ" என்ற எச்சரிக்கை. அதை அடித்து அடக்கினால், எச்சரிக்காமல் கடிக்கிற நாயை நாமே உருவாக்குகிறோம்.

இனி அந்தக் கேள்வி. புறவழிச்சாலையில் இறக்கிவிடப்பட்ட நாய், நம் வண்டி போன திசையையே பார்த்துக்கொண்டு நிற்கும். துறையூர் நண்பரே, விட வேண்டாம். எதுவுமே பலிக்காவிட்டால், சின்னதைத் தனியாக வளர்க்கக்கூடிய ஒரு வீட்டை நீங்களே தேடிக் கொடுங்கள். தெருவில் விடுவது தீர்வல்ல.